தெரிஞ்சவங்க வேலை

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்டே. கதவைச் சும்மா சாத்தினால் போதும், தாழ் போட வேண்டாம். பிந்தி வருகிறவர்களும் கேட்கட்டும். இன்றைக்கு ஒரு பூட்டின் கதை சொல்லப்போகிறேன். எந்தத் திருடனும் உடைக்காத பூட்டை நாலு நல்லவர்கள் கூடி உடைத்த கதை.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அந்த அறையில் உட்கார்ந்து, வட்டக் கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை வழவழப்பாக்கி, ஊதித் துடைத்துப் பொருத்துவது ஒரு பெண்மணியின் வேலை. ஐம்பத்தைந்து வயது. தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். அவள் பொருத்திய கண்ணாடி ஒரு மயிரிழைகூட ஆடாது. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்ணிக் கொடுத்தவள்தான், தன் எதிர்வீட்டுக்காரியின் முகத்தை மட்டும் எட்டு மாதமாக நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

புருஷன் போய் ஆறு மாதம் ஆகியிருந்த சமயம். மகள் வற்புறுத்தினாள் என்று நாலே நாலு நாள் அவள் ஊருக்குப் போய்விட்டு வந்தாள். வந்து பார்த்தால் வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. சமையலறையில் ஒரு கரண்டி கலையவில்லை, கட்டிலில் ஒரு போர்வை கலையவில்லை. பீரோவின் மேல்தட்டில், பழைய துணிக்குக் கீழே இருந்த நகைப்பெட்டி மட்டும் இல்லை. கையில் போட்டிருந்த இரண்டு வளையல் தப்பியது. வந்து பார்த்த போலீஸ்காரர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

"நேரா அந்த எடத்துக்கே போயிருக்கான். தெரிஞ்சவங்க வேலைதாம்மா."

நகை போன துக்கம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. இந்த வார்த்தை ஆறவில்லை. பால் ஊற்றுகிறவனைப் பார்த்தால், இவனோ? பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தால், இவளோ? துக்கம் கேட்க வந்து தோளைத் தட்டிக்கொடுத்த கொழுந்தனைப் பார்த்தால்கூட, அன்றைக்கு இவர் ஏன் பீரோ பக்கம் நின்றார்? கடைசியில் தன்னைத் தானே வெறுத்துப்போய், அந்த வீட்டை விட்டே கிளம்பினாள். ஒருவரையும் தெரியாத ஒரு தெருவில், சந்து முடிகிற இடத்தில், தனி வீடு பிடித்தாள். தெரிஞ்சவங்களே இல்லாவிட்டால் தெரிஞ்சவங்க வேலை எங்கிருந்து வரும்? கணக்கு சரிதானே!

புது வீட்டுக்கு அவள் செய்த காவலைக் கேளுங்கள். வெளியே தொங்குகிற பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று திருடனுக்கு எழுதி மாட்டுகிற பலகை. ஆகையால் தொங்கு பூட்டே கிடையாது. கதவுக்குள்ளேயே பதிகிற ஏழு நெம்புப் பூட்டு, கடையில் செவன் லீவர் என்பார்களே, அது. அதைப் பொருத்திய பூட்டுக்காரர், "யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தாம்மா தலைவலி" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் புருஷனின் பத்தாம் நம்பர் செருப்பு. கொடியில் அவருடைய சட்டை ஒன்று, வாரம் இரண்டு முறை நனைத்துப் பிழிந்து காயப்போடுவது. ஜன்னலோரம் அவருடைய பழைய ரேடியோ, காலையிலிருந்து அவள் திரும்பும்வரை மெல்லப் பேசிக்கொண்டேயிருக்கும். கட்டிலில் இரண்டு தலையணையை நீளவாக்கில் போட்டு, மேலே போர்வை போர்த்தி, ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தால் ஒரு ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது போல ஓர் ஏற்பாடு. அந்த மேல் தலையணையின் பஞ்சுக்குள், நடுவயிற்றில், மிச்சமிருந்த இரண்டு வளையலையும் வைத்துத் தைத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு நாடகம். படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"என்னங்க, போயிட்டு வரேன்!"

பதில் வராது. வராது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு விநாடி நிற்பாள். முப்பது வருஷம் "பாத்துப் போயிட்டு வா" என்று கேட்டுப் பழகிய காது, பாருங்கள். அப்புறம் சாவியைத் திருப்பிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

ஒருநாள் பாத்திரம் விற்கிறவன் ஒருவன், "வீட்ல ஐயா இல்லையாம்மா?" என்று கேட்டான். பயத்தில், "உள்ளே படுத்திருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர். அவர் மனைவி அப்போது வாசலில் துணி உதறிக்கொண்டிருந்தாள். படுத்திருக்காரு என்ற ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய், பாவம், அந்தப் புண்ணியவதி ஒரு முழு நோயாளியையே உருவாக்கிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஒரு தூக்கில் கஞ்சியோடு வந்து நின்றாள்.

"அண்ணனுக்குக் குடுங்கக்கா. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன். எழுந்து நடமாட முடியுதா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொன்னால் பொய். கண்ணாடிக்காரம்மா, "ம்" என்றாள். அது எதற்கும் பொருந்துகிற பதில். தூக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கஞ்சி நன்றாக இருந்தது. தனியாக உட்கார்ந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அதற்கப்புறம் வாரம் ஒரு தூக்கு வருவது வழக்கமாயிற்று.

இந்த நிலையில் பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியார் வீட்டில் பட்டப்பகலில் திருட்டு. வாத்தியார் கடைக்குப் போய்வந்த முக்கால் மணி நேரத்தில் பின்கதவை நெம்பி, கம்ப்யூட்டரையும் அவர் மனைவியின் சங்கிலியையும் கொண்டுபோய்விட்டான். தெரு கிடுகிடுத்துப் போயிற்று. கண்ணாடிக்காரம்மா அன்றைக்கே ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் இன்னொரு கம்பி வைத்தாள். எதிர்வீட்டுக்காரி வந்து, "உங்க நம்பரைக் குடுங்கக்கா, எதுக்கும் இருக்கட்டும்" என்று கேட்டபோது, "போன் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டாள். எந்தக் கடையில் வேலை என்பதைக்கூட யாருக்கும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது.

"அம்மா, ஆஸ்பத்திரியில பதினெட்டாம் தேதின்னு சொல்லிட்டாங்க. நீ எப்போ வர்றே?"

"வரேன்டி. வீட்டை யார் பாத்துப்பா, அதான் யோசனை."

"வீட்டைப் பூட்டிட்டு வா!"

"அன்னிக்கும் பூட்டிட்டுத்தானே வந்தேன்?"

மகளின் குரல் கம்மியது. "ரெண்டு வளையலை எட்டு மாசமா காவல் காக்குறே. நானும் எட்டு மாசமா சுமக்கிறேன். என்னை வந்து பாக்க உனக்கு ஆள் கெடைக்கலை. பதினஞ்சாம் தேதிக்குள்ள வரலேன்னா, அப்புறம் வரவே வேணாம்மா."

போனை வைத்துவிட்டாள். கண்ணாடிக்காரம்மா அந்த ராத்திரி கட்டிலின் ஓரத்தில், தலையணை மனுஷனுக்கு இடம் விட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அழுதாள். போகாவிட்டால் மகள் போய்விடுவாள். போனால் வீடு போய்விடும். வளையல் அந்தப் பிள்ளைக்காக எடுத்துவைத்ததுதான். அதை மட்டும் கையோடு கொண்டுபோய்விடலாம். ஆனால் அவர் வாங்கிய ரேடியோ, அவர் படம், அவர் சட்டை? இன்னொரு முறை திறந்த பீரோவின் முன்னால் நிற்க அவளால் முடியாது.

பத்தாம் தேதி காலை வழக்கம்போல "என்னங்க, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்கு இரண்டு கண்ணாடியைத் தேய்க்கும்போதே உடைத்தாள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. முதலாளி, "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

சந்து முனை திரும்பியதுமே பார்த்துவிட்டாள். அவள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு இருந்த இடத்தில் மரம் பிளந்து ஒரு பெரிய ஓட்டை.

மறுபடியும்.

வாசலில் ஒரு நாற்காலி. அதில் டியூஷன் வாத்தியார் மடியில் பிரம்போடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். படியில் எதிர்வீட்டுக்காரி, முகம் வீங்கி, மூக்கு சிவந்து. டிரைவர் கையில் முழங்கைவரை கரி. இவ்வளவும் கண்ணில் பட்டும் மனதில் பதியவில்லை. ஏனென்றால் அவள் கண் வேறொன்றைப் பார்த்துவிட்டது. தெருவோரக் கொடியில், போகிறவர் வருகிறவர் கைக்கெட்டும் உயரத்தில், இரண்டு கிளிப்பில் மாட்டி, இன்னும் ஈரம் காயாத அவளுடைய தலையணை தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டமாக ஓடினாள். வீட்டுக்கு இல்லை, கொடிக்கு. தலையணையைக் கட்டிப்பிடித்து, பஞ்சுக்குள் விரலை விட்டு அமுக்கிப் பார்த்தாள். ஒன்று. இரண்டு. இருந்தன.

"ஏங்கக்கா, ஈரத்தைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? சளி புடிச்சுக்கும்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. சொல்லிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரு... யாரு கதவை உடைச்சது?"

"நாங்கதாங்க" என்றார் டிரைவர். தலையைச் சொறிந்தார். "உடைக்க கால் மணி நேரம் ஆச்சு. பஸ் ஜாக்கிக் கம்பி வளைஞ்சு போச்சு. டெப்போல என்ன சொல்றதுன்னு தெரியலை."

வாத்தியார்தான் பாடம் நடத்துகிற குரலில் ஆரம்பத்திலிருந்து சொன்னார். பதினோரு மணிக்கு ரேடியோ டப் என்று நின்றுவிட்டது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட நடுப்பகலில் நிற்காத ரேடியோ. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து ஜன்னலில் மூக்கை வைத்தாள். கருகல் வாடை. "அண்ணே! அண்ணே!" என்று கத்தினாள். பதில் இல்லை. இடுக்கில் பார்த்தால் புகைக்கு நடுவில் அண்ணன் அசையாமல் படுத்திருக்கிறார். போன் பண்ணலாம் என்றால் நம்பர் இல்லை. கடைக்கு ஓடலாம் என்றால் எந்தக் கடை? ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பினாள். கதவைத் திறந்தபோது, ரேடியோவின் வயர் உருகி, ஜன்னல் திரையில் பாதிக்கு மேல் நெருப்பு ஏறியிருந்தது. டிரைவர் திரையைப் பிய்த்துத் தொட்டியில் போட்டார்.

"இன்னும் கால் மணி போயிருந்தா கூரைம்மா" என்றார் வாத்தியார்.

"இவ என்ன பண்ணா தெரியுமா?" டிரைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நேரா கட்டிலுக்குப் போயி, ஒரு குடம் தண்ணியை அண்ணன் மூஞ்சியில ஊத்திட்டா!"

"மயக்கம்னு நெனச்சேன்!" என்றாள் அவள். "போர்வையை விலக்குறேன், அண்ணனைக் காணோம். கட்டிலுக்கடியில பாத்தேன், குளியலறையில பாத்தேன். தூக்கிட்டே போயிட்டாங்கன்னு நெனச்சு அழுதேன். அப்புறந்தான்..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறந்தான் செவுத்துல படத்தைப் பாத்தேன். கீழ ரெண்டு தேதி இருந்துச்சு."

கண்ணாடிக்காரம்மாவுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. இவர்கள் எட்டு மாதமாக என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. டிரைவர் ஏன் சந்துக்குள் வந்ததும் தன் மோட்டார் சைக்கிளை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். வாத்தியாரிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் ஏன் வாய்ப்பாட்டைக் கிசுகிசுப்பாகச் சொன்னார்கள். இல்லாத ஒரு மனுஷனின் தூக்கத்துக்காக ஒரு தெருவே கால்விரலில் நடந்திருக்கிறது.

"அப்போ நான் குடுத்த கஞ்சியெல்லாம்?" என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"நான்தாம்மா குடிச்சேன்."

"உப்பில்லாமலா?"

"கொஞ்சம் போட்டுக்கிட்டேன்."

யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. வாத்தியார்தான் என்று டிரைவர் பிறகு சத்தியம் பண்ணினார். சிரித்து, அந்தச் சிரிப்பு ஓய்கிற இடத்தில் கண்ணாடிக்காரம்மா படியில் உட்கார்ந்து, ஈரத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன், நகைப்பெட்டி, போலீஸ்காரரின் அந்த வார்த்தை, பதினஞ்சாம் தேதி. சொல்லச் சொல்ல, எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அவள் முகத்தைக் கண்ணாடிக்காரம்மா நேராகப் பார்த்தாள். இடது கண் லேசாக இடுங்கியிருந்தது.

"உனக்குத் தூரத்துல எழுத்து தெரியலைதானே?"

"எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க? பஸ் போர்டே தெரியாது. இவர் ஓட்டுற பஸ்ஸையே ரெண்டு தடவை விட்டுட்டேன்."

"வேணும்னே விட்டிருப்பா" என்றார் டிரைவர்.

பிறகு வாத்தியார் எழுந்து, "உள்ள போயி எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்கம்மா. பதினோரு மணியிலருந்து நாங்க மாறி மாறி உக்காந்திருக்கோம். பசங்களுக்கு இன்னிக்குப் பாடம் உங்க வாசல்லதான்" என்றார்.

அவள் உள்ளே போகவில்லை. "இருக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான், அதை அவள் நிஜமாகவே நம்பியது அவளுக்கே தெரிந்தது. பல்லால் தலையணையின் தையலைப் பிரித்து, வளையல் இரண்டையும் எடுத்துக் காட்டினாள். எதிர்வீட்டுக்காரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக்கடவுளே! இதைத்தான் நாலு மணி நேரம் ரோட்ல தொங்கவிட்டேனா? நடுவுல ரெண்டு தட்டு வேற தட்டினேன், பஞ்சு கட்டி புடிச்சிருக்குன்னு!"

மறுநாள் பூட்டுக்காரர் வந்தார். பிளந்து கிடந்த தன் ஏழு நெம்புப் பூட்டைப் பிணத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "என் தொழில்ல இப்படி ஒரு உடைப்பைப் பாத்ததில்ல. யாரும்மா பண்ணது?"

கண்ணாடிக்காரம்மா எதிர்வீட்டைப் பார்த்தாள், பக்கத்து வீட்டைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"தெரிஞ்சவங்க வேலைதாங்க."

புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று அவளுக்கு. ஒன்று எதிர்வீட்டுக்கு. ஒன்றை வாத்தியார் தன் பூட்டு வைத்த மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, அந்த மேசையின் சாவியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாள் பூராவும் தேடினார். போன் நம்பரை எதிர்வீட்டுக்காரி சுவரில் எழுதிக்கொண்டாள், தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பெரிய பெரிய எழுத்தில். அவள் கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி ஒன்று நாலே நாளில் தயாராகி வந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, இவருக்கு இவ்ளோ நரையா?" என்றாள்.

பதினாலாம் தேதி காலை எட்டரை மணி. கையில் ஒரு பெட்டி, மணிக்கட்டில் இரண்டு வளையல். கண்ணாடிக்காரம்மா படியில் நின்றாள். பழக்க தோஷம், உள்ளே பார்த்துத்தான் சொன்னாள்.

"என்னங்க, போயிட்டு வரேன்."

வழக்கம்போல ஒரு விநாடி நின்றாள்.

"பாத்துப் போயிட்டு வாங்கக்கா!" எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "போய்ட்டு வாங்கம்மா" என்றார் வாத்தியார். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேரும், எட்டு மாதம் அடக்கிவைத்த குரலையெல்லாம் சேர்த்து, "போயிட்டு வாங்க!" என்று கத்தினார்கள். கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். தலை குனியாமல் நடந்தாள்.

மகள் கதவைத் திறந்தாள். வயிறு இடிக்க இடிக்கக் கட்டிக்கொண்டாள். பதினெட்டு என்றார்களே, பத்தொன்பதாம் தேதி பிறந்தது, பெண் குழந்தை. நல்ல தொண்டை.

குழந்தைக்குப் பதினோரு நாள் ஆனபோது எதிர்வீட்டுக்காரியிடமிருந்து போன்.

"அக்கா, இன்னிக்கு ஒருத்தன் வந்தான். மீட்டர் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே உங்க ஜன்னல்ல எட்டிப் பாத்தான். நான் புதுக் கண்ணாடி போட்டிருந்தேனா, அவன் கைப்பையிலருந்து நெம்புகோல் நீட்டிக்கிட்டிருக்கிறது பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"ஐயய்யோ! அப்புறம்?"

"'வீட்ல யாரு இருக்கா?'ன்னு கேட்டான். 'ஐயா இருக்காரு, உள்ளே படுத்திருக்காரு'ன்னு சொன்னேன். இந்த மனுஷன் உங்க வீட்டுக்குள்ளதான் ஒட்டடை அடிச்சுக்கிட்டிருந்தாரு. உள்ளேயிருந்து இருமினாரு பாருங்கக்கா ஒரு இருமல்! பத்தாம் நம்பர் செருப்பை ஒரு தரம் பாத்தான், ஓடினான். வாத்தியார் பிரம்போட சந்து முனைவரை துரத்திட்டு, மூச்சு வாங்கி, அங்கயே உக்காந்துட்டாரு."

கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. மடியில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு, கையை ஆட்டியது, பிஞ்சு விரல் வளையலில் பட்டது.

"அக்கா, இன்னொண்ணு. சட்டையை நான் வாரம் ரெண்டு தடவை நனைச்சுப் போடுறேன். ஒரு பொத்தான் விட்டுருந்துச்சு, தைச்சுட்டேன். பரவால்லதானே?"

கண்ணாடிக்காரம்மா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அவருக்கு ரொம்பப் புடிக்கும்மா" என்றாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை. எழுந்து போகுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பூட்டு துருப்பிடிக்காமல் இருக்கட்டும். உங்கள் பெட்டியில் இருப்பது உங்கள் பேத்தி கையில் ஏறட்டும். நீங்கள் படியிறங்கிப் "போயிட்டு வரேன்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், உள்ளிருந்தோ எதிரிலிருந்தோ, "பாத்துப் போயிட்டு வா" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருக்கட்டும். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும்.